வகுப்புக்கு ஒன்றிரண்டு பேர்

பள்ளிகளில் நடக்கும் ரத்தப் பரிசோதனை முகாம்களையொட்டி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் பெரும்பாலும் ஒரே சொல்லைச் சுற்றியே வந்திருக்கின்றன: கேரியர். தலசீமியா, சிக்கிள் செல் போன்ற பரம்பரை ரத்த நோய்களுக்கான மரபணு, அம்மா அப்பா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்து சேர்ந்தவர்களைத்தான் அப்படிச் சொல்கிறோம். ரத்தவியல் மருத்துவர் ஒருவரும் மரபணு ஆலோசகர் ஒருவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி முகாமில் ஹீமோகுளோபின் 10.6 என்றார்கள். நாலு மாதமாக தினமும் இரும்பு மாத்திரை, பேரீச்சை, முருங்கைக்கீரை என்று கொடுத்தும் 10.7-ஐத் தாண்டவில்லை. மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுகிறாள் என்று வீட்டில் அவளைத்தான் திட்டுகிறோம். வேறு காரணம் இருக்குமா டாக்டர்?
*ஒரு தாய், சேலம்*

முதலில் திட்டுவதை நிறுத்துங்கள். இரும்புச்சத்துக் குறைவுதான் காரணம் என்றால், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடும் பிள்ளைக்கு நான்கு வாரத்தில் குறைந்தது 1 கிராமாவது ஏறியிருக்க வேண்டும். நாலு மாதத்தில் 0.1 மட்டும் ஏறியிருக்கிறது என்றால் மாத்திரை உள்ளே போகவில்லை, அல்லது மாதவிடாயிலோ குடல் புழுவாலோ ரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது, அல்லது குறைவு இரும்பில் இல்லை. மூன்றாவதுதான் பலர் நினைத்துப் பார்க்காதது.

முகாமில் விரலில் குத்தி எடுத்தது ஹீமோகுளோபின் மட்டும். அதை வைத்து எதையும் பிரித்தறிய முடியாது. கையிலிருந்து ரத்தம் எடுத்துச் செய்யும் முழு ரத்தப் பரிசோதனை வேண்டும், லேபில் சி.பி.சி. என்று கேட்டால் போதும், சாதாரண லேபிலேயே செய்வார்கள். அந்தத் தாளில் ஹீமோகுளோபினை விட்டுவிட்டு மூன்று வரிகளைப் பாருங்கள். சிவப்பணு எண்ணிக்கை, சிவப்பணுவின் சராசரி அளவான எம்.சி.வி., ஓர் அணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினைச் சொல்லும் எம்.சி.எச்.

எம்.சி.வி. 80-க்குக் கீழும் எம்.சி.எச். 27-க்குக் கீழும் இருந்தால் அணுக்கள் சிறுத்திருக்கின்றன. இரும்புக் குறைவிலும் சிறுக்கும், தலசீமியா கேரியருக்கும் சிறுக்கும். வித்தியாசம் எண்ணிக்கையில்தான் தெரியும். இரும்பு இல்லாத எலும்பு மஜ்ஜை அணுக்களையே குறைவாகத்தான் செய்யும். கேரியரின் மஜ்ஜைக்கு இரும்பு இருக்கிறது, ஹீமோகுளோபினின் புரதப் பகுதியான குளோபின் சங்கிலியில்தான் தட்டுப்பாடு. அதனால் சின்னச் சின்ன அணுக்களை நிறையச் செய்து ஈடுகட்டும். எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் (மில்லியனில்) வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு எம்.சி.வி. 64, சிவப்பணு 5.6 மில்லியன் என்றால் 11.4. விடை 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா கேரியராக இருக்கலாம் என்று சந்தேகிக்கலாம். எம்.சி.வி. 70, சிவப்பணு 4.1 என்றால் 17. இது இரும்புக் குறைவின் பக்கம் சாய்கிறது. 1973-லிருந்து புழங்கும் இந்தக் கணக்குக்கு மென்ட்சர் குறியீடு என்று பெயர். இது சந்தேகத்தைக் கிளப்ப மட்டும்தான். இதை வைத்தே முடிவு கட்டிவிடக் கூடாது. இரண்டும் சேர்ந்தே இருக்கும் பிள்ளைகள் நம் ஊரில் ஏராளம்.

அடுத்தது இரண்டு சோதனைகள். உடலில் இரும்பின் இருப்பைச் சொல்லும் ஃபெரிட்டின். பிறகு ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. அதில் 'ஏ2' என்ற வரி சாதாரணமாக 3.5 சதவீதத்துக்குள் இருக்கும். பீட்டா தலசீமியா (பீட்டா என்ற குளோபின் சங்கிலி குறையும் வகை) கேரியருக்குப் பெரும்பாலும் 4 முதல் 6 வரை. இடையில் 3.5, 3.8 என்று வந்தால் உடனே 'ஆம்' என்றும் சொல்லக் கூடாது, 'இல்லை' என்றும் சொல்லக் கூடாது. இரும்புக் குறைவு ஏ2-வைக் கீழே இழுக்கும். பி12, ஃபோலிக் அமிலக் குறைவு மேலே தள்ளும். குறைவைச் சரிசெய்து மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள், இல்லையென்றால் மரபணுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். மகளுக்குச் சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் மூன்று மாதமாவது காத்திருக்க வேண்டும். அதற்கு முன் எடுத்தால் கொடையாளியின் ரத்தத்தையும் சேர்த்துத்தான் பரிசோதித்ததாக ஆகும்.

ஏ2 கூடியிருந்து ஃபெரிட்டின் சரியாக இருந்தால் தினசரி இரும்பு மாத்திரையை நிறுத்திவிடலாம். 10.6 என்பது அவளுக்கு இயல்பான அளவாகவே இருக்கலாம். ஃபெரிட்டினும் குறைந்திருந்தால் அதற்கு மட்டும் மாத்திரை, அளவு தேறியதும் நிறுத்தம். 13-ஐத் தொட்டே ஆக வேண்டும் என்று வருடக்கணக்காக இரும்பு கொடுப்பதுதான் நாங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு.

பள்ளியில் வாரா வாரம் கொடுக்கும் நீல மாத்திரையை கேரியர் பிள்ளை சாப்பிடலாமா?
*ஒரு தந்தை, விழுப்புரம்*

சாப்பிடலாம். அதில் இருப்பது 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும். அதுவும் வாரத்துக்கு ஒன்றுதான். கேரியருக்கும் மாதவிடாய் வரும், குடல் புழு வரும், இரும்பு குறையும். புழு மாத்திரையையும் தவிர்க்க வேண்டாம். அம்மா அப்பா இருவரிடமிருந்தும் மரபணு வந்து, மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா மேஜர் பிள்ளை என்றால் நிலைமை தலைகீழ். ஏற்றும் ரத்தத்தாலேயே இரும்பு சேர்ந்து இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கும் என்பதால் அந்தப் பிள்ளைக்கு இரும்பு மாத்திரை கூடாது. வகுப்பாசிரியருக்கு இதை எழுதியே கொடுத்துவிடுங்கள்.

என் வகுப்பில் 40 பேர். இவர்களில் எத்தனை பேர் கேரியராக இருப்பார்கள் என்று கணக்கிட முடியுமா? அரசு சொல்லும் '3 முதல் 4 சதவீதம்' எந்த ஊருக்குப் பொருந்தும்?
*அறிவியல் ஆசிரியர், தருமபுரி*

நல்ல கேள்வி ஐயா. அந்த 3 முதல் 4 சதவீதம் பீட்டா தலசீமியா கேரியருக்கு இந்தியா முழுவதையும் சேர்த்துச் சொல்லும் சராசரி. எந்த ஊருக்கும் அது அப்படியே பொருந்தாது.

பதின்பருவப் பிள்ளைகளிடமே எடுத்த பெரிய கணக்கு ஒன்று உண்டு. மும்பை, டெல்லி பள்ளிகளில் 11 முதல் 18 வயது வரையிலான பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்தார்கள். 2010-ல் வெளியான முடிவில் இரண்டு நகரங்களையும் சேர்த்து 4.05 சதவீதம். பிரித்துப் பார்த்தால் மும்பையில் 2.68, டெல்லியில் 5.47. ஒரே ஆய்வு, ஒரே சோதனை, ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். காரணம் ஊர் அல்ல, அங்கே குடியிருக்கும் சமூகங்கள். பிரிவினையின்போது வந்து குடியேறிய சிந்தி, பஞ்சாபிக் குடும்பங்களில் இந்த மரபணு அதிகம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆறு மாநிலங்களில் கல்லூரி மாணவர்கள், கர்ப்பிணிகள் என 56,780 பேரிடம் நடத்திய ஆய்வில் சராசரி 2.78, மாநிலத்துக்கு மாநிலம் 1.48 முதல் 3.64 வரை மாறியது. அந்த ஆறில் தமிழ்நாடு இல்லை, கர்நாடகம் உண்டு.

உங்கள் வகுப்புக்கு 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 1.2 பேர். ஆனால் சராசரியை நம்பி 'எல்லா வகுப்பிலும் ஒருவர்' என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு பிள்ளை கேரியராக இல்லாதிருக்கும் வாய்ப்பு 0.97. அதை நாற்பது முறை பெருக்கினால் ஏறக்குறைய 0.30 வரும். அதாவது பத்து வகுப்பில் மூன்றில் ஒருவர்கூட இருக்க மாட்டார். மீதி ஏழில் ஒருவரோ இருவரோ, அபூர்வமாக நான்கு பேரோ. ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியில் சுமார் 30. நாற்பது பேரைப் பரிசோதித்து 'எங்கள் ஊரில் கேரியரே இல்லை' என்று அறிவித்த அறிக்கைகளையும் பார்த்திருக்கிறோம்!

சிக்கிள் செல்லுக்கு இந்தச் சராசரியும் உதவாது. சமவெளியில் அபூர்வம். நீலகிரியில் இருளர், குறும்பர், பணியர் போன்ற பழங்குடிகளிடம் பத்தில் ஒருவரையும் தாண்டும். தோடர்களிடம் கிட்டத்தட்ட இல்லை. ஒரே மலை! இந்தியாவிலேயே சிக்கிள் செல் மரபணு முதலில் கண்டறியப்பட்டது நீலகிரி மலைப் பழங்குடிகளிடம்தான், 1952-ல், லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்களால். மாணவர்கள் ஏன் இப்படி என்று கேட்டால் மலேரியாவிலிருந்து தொடங்குங்கள். மலேரியா பரவிய பகுதிகளில் ஒற்றை மரபணு உள்ள குழந்தை அந்தக் காய்ச்சலில் சாவது குறைவு. ஆகவே தலைமுறை தலைமுறையாக அந்த மரபணு தங்கிவிட்டது. தலசீமியா பற்றி ஹால்டேன் என்ற விஞ்ஞானி 1949-ல் ஊகித்தார். சிக்கிள் செல் பற்றி ஆண்டனி அலிசன் 1954-ல் ஆப்பிரிக்காவில் காட்டினார்.

இரண்டு கேரியர்கள் திருமணம் செய்தால் நாலில் ஒரு குழந்தைக்கு நோய் வரும் என்று பாடத்தில் உள்ளது. முதல் குழந்தைக்கு வந்துவிட்டால் அடுத்த மூன்றும் தப்பிக்குமா?
*பதினோராம் வகுப்பு மாணவர், தஞ்சாவூர்*

தப்பிக்கும் என்று சொல்ல முடியாது தம்பி. நாணயத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் சுண்டுகிறோம். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய்க்கு 25 சதவீதம், கேரியருக்கு 50, இரண்டும் இல்லாமைக்கு 25.

பாடத்தில் இருக்காத ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இருவரிடமும் ஒரே கோளாறு இருக்க வேண்டியதில்லை. ஒருவர் பீட்டா தலசீமியா கேரியர், மற்றவர் சிக்கிள் செல் கேரியர் என்றாலும் குழந்தைக்குக் கடுமையான நோய் வரலாம். பீட்டா தலசீமியாவும் ஹீமோகுளோபின் ஈ என்ற இன்னொரு வகையும் சேர்ந்தாலும் அப்படியே. வங்கம், அசாம் பக்கம் ஈ வகை அதிகம். தனியாக இருக்கும்போது ஈ வகை ஏறக்குறைய எந்தத் தொல்லையும் தராது. அதனாலேயே 'இது ஒன்றுமில்லை' என்று ரிப்போர்ட்டை மூடி வைத்துவிடுகிறார்கள்.

பிளஸ் டூ படிக்கும் பேத்திக்கு தலசீமியா மைனர் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. அவளுக்குத் தாய்மாமனைக் கட்டுவதா, அத்தை மகனைக் கட்டுவதா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. சொந்தத்தில் கொடுக்கலாமா?
*ஒரு தாத்தா, மதுரை மாவட்டம்*

பெரியவரே, தலசீமியா மைனர் என்பது கேரியருக்கு இன்னொரு பெயர்தான். பேத்திக்கு இன்னும் படிக்கிற வயது. கல்யாணப் பேச்சை ஒத்திவையுங்கள். ரத்தப் பரிசோதனையை ஒத்திவைக்க வேண்டாம்.

முதலில் அந்த மரபணு பேத்திக்கு யாரிடமிருந்து வந்தது என்று பாருங்கள். அவளுடைய அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சி.பி.சி.யும் எச்.பி.எல்.சி.யும் செய்ய வேண்டும். அம்மாவுக்கு இருந்தால், அம்மாவின் கூடப்பிறந்த தம்பியான தாய்மாமனுக்கும் இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. மாமன் மகனுக்கு நான்கில் ஒன்று. அத்தை மகனுக்கு அந்த வழியில் வராது. ஊரில் யாருக்கும் உள்ள நூற்றுக்கு மூன்று என்ற வாய்ப்புதான். அப்பாவுக்கு இருந்தால் கணக்கு அப்படியே திரும்பும்: அத்தைக்கு இரண்டில் ஒன்று, அத்தை மகனுக்கு நான்கில் ஒன்று, தாய்மாமனுக்கு ஊர்க் கணக்கு. அப்பா, அம்மா இருவரும் ஏற்கெனவே சொந்தம் என்றால் இந்த எண்கள் இன்னும் கூடும்.

இந்த எண்களை வைத்துக்கொண்டு வீட்டில் பட்டிமன்றம் நடத்த வேண்டாம். பேச்சில் அடிபடும் பையனுக்கு ஒரு எச்.பி.எல்.சி. எடுத்தால் இரண்டில் ஒன்று, நான்கில் ஒன்று எல்லாம் போய் 'உண்டு' அல்லது 'இல்லை' என்று தெரிந்துவிடும். அவருக்கு இல்லை என்றால் தலசீமியாவைப் பொறுத்தவரை பிறக்கும் பிள்ளைக்கு மேஜர் வராது, சொந்தமானாலும் சரி. (சொந்தத்தில் கட்டுவதால் கூடும் மற்றப் பரம்பரைக் கோளாறுகள் வேறு கதை, அதை இந்தச் சோதனை சொல்லாது.) 'அந்நியத்தில் கட்டிவிட்டோம், கவலையில்லை' என்று பரிசோதிக்காமல் விடுவதும் தவறுதான். அந்நியத்திலும் நூற்றுக்கு மூன்று பேர் உண்டு.

இருவருமே கேரியர் என்று தெரிந்து, அப்படியும் மணந்துகொண்டால்? மணப்பவர்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் முடிவு. கர்ப்பத்துக்கு முன்பே இருவரின் மரபணு மாற்றம் எது என்று டி.என்.ஏ. பரிசோதனையில் கண்டுபிடித்து வைக்க வேண்டும். இந்தியாவில் ஐந்து மாற்றங்களே பெரும்பாலான குடும்பங்களில் காணப்படுவதால் இது கடினமில்லை. ஆனால் சில வாரம் பிடிக்கும். கரு 11 வாரம் ஆனதும் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கலாம், 16 வாரத்தில் பனிக்குட நீரைப் பார்க்கலாம். நான்காவது மாதத்தில் வந்து 'நாங்கள் இருவரும் கேரியர், மாற்றம் எதுவென்று தெரியாது' என்று நிற்கும் தம்பதிக்குத்தான் நேரம் போதாமல் போகிறது.

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை 420 பேர். ஒரு தொண்டு அமைப்பு இலவச முகாம் நடத்த முன்வந்திருக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்?
*தலைமையாசிரியை, ஈரோடு மாவட்டம்*

எட்டாம் வகுப்பு சரியான தொடக்கம். 2016-ல் தேசிய சுகாதார இயக்கம் வெளியிட்ட வழிகாட்டியும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த வகுப்பைத்தான் குறிப்பிடுகிறது. அந்த வயதில் ஏ2 பெரியவர்கள் அளவில் நிலைத்திருக்கும், பிள்ளைக்கு விஷயம் புரியும், திருமணத்துக்கு நாள் இருக்கிறது.

தேதி குறிக்கும் முன் அந்த அமைப்பிடம் ஒன்று கேளுங்கள்: 'கேரியர் என்று வரும் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் யார், எந்த நாளில், எங்கே உட்கார்ந்து விளக்குவீர்கள்?' பதில் இல்லையென்றால் முகாமே வேண்டாம். ரத்தம் எடுப்பது ஒரு நாள் வேலை. 'மைனர்' என்ற சொல்லை நோயாகப் புரிந்துகொண்ட குடும்பத்தை நிதானத்துக்குக் கொண்டுவர மாதங்கள் ஆகும்.

ஒரு வாரம் முன்பே ஒப்புதல் கடிதம் வீட்டுக்குப் போக வேண்டும். எதைப் பரிசோதிக்கிறார்கள், கேரியர் என்றால் நோய் அல்ல, முடிவு யாரிடம் தரப்படும் என்று தமிழில் மூன்று வரி போதும். பெற்றோர் கையெழுத்தோடு பிள்ளையின் சம்மதமும் வேண்டும். மறுக்கும் பிள்ளையை வரிசையில் நிறுத்தக் கூடாது.

ஆளுக்கு 2 மில்லி ரத்தம், உறையாமல் காக்கும் மருந்து உள்ள, ஊதா மூடி போட்ட இ.டி.டி.ஏ. குழாயில். வெறும் வயிறு தேவையில்லை. சாப்பிட்டு வந்தால் மயக்கம் குறையும். எடுத்தவுடன் குழாயை ஏழெட்டு முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கினால் அணு உடையும், கவிழ்க்காமல் விட்டால் உறையும். இரண்டிலும் மாதிரி வீண். பெயர், வகுப்புச் சீட்டைப் பிள்ளை எதிரிலேயே ஒட்டுங்கள். 420 குழாயில் இரண்டு இடம் மாறினாலும் ஒரு கேரியர் 'இல்லை' என்ற தாளோடு வீட்டுக்குப் போவார்.

மாதிரி அன்றைக்கே குளிர்ப்பெட்டியில் லேபுக்குப் போக வேண்டும். பலரும் அறியாத சிக்கல் இங்கே இருக்கிறது. அறை வெப்பத்தில் ஒரு நாளுக்கு மேல் கிடந்தால் சிவப்பணு நீரை உறிஞ்சி உப்பும். 77 இருந்த எம்.சி.வி. 81 ஆகி, கேரியர் கோட்டைத் தாண்டித் தப்பிவிடுவார். எம்.சி.எச். அப்படி மாறாது. வெள்ளிக்கிழமை முகாம் வைத்துத் திங்கள்கிழமை இயந்திரத்தில் போடுவது கூடவே கூடாது.

செலவைக் குறைக்க முதலில் நெஸ்ட்ராஃப்ட் என்ற எளிய சோதனை செய்வார்கள். 0.36 சதவீத உப்புக் கரைசல் 2 மில்லியில் 20 மைக்ரோலிட்டர் ரத்தம் விட்டு அரை மணி நேரம் வைப்பார்கள். குழாய்க்குப் பின்னால் கறுப்புக் கோடு போட்ட வெள்ளைத் தாள். சாதாரண அணுக்கள் உடைந்து கரைசல் தெளிந்து கோடு தெரியும். கேரியரின் அணுக்கள் தட்டையானவை, எளிதில் உடையாது. கலங்கியே இருக்கும், கோடு தெரியாது. இரும்புக் குறைவிலும் இப்படி வரும். ஆகவே கலங்கினால் கேரியர் என்று அர்த்தமில்லை, எச்.பி.எல்.சி.க்குப் போக வேண்டும் என்றுதான் அர்த்தம். தெளிந்தவர்களிலும் சிலர் தப்புவதுண்டு, சி.பி.சி.யும் சேர்த்துச் செய்தால் அது குறையும். மலைப் பகுதிப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றால் சிக்கிள் செல் சோதனையும் கேளுங்கள். 2023 ஜூலை முதல் தேதி தொடங்கிய தேசிய சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கத்தில் தமிழ்நாடும் உண்டு. 40 வயது வரை உள்ளவர்களுக்கு அதன் கீழ் பரிசோதிக்கலாம். அதில் செய்யும் கரைதிறன் சோதனை சிக்கிள் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். கேரியரா, நோயாளியா என்று பிரிக்க எச்.பி.எல்.சி. வேண்டும். கேரியருக்கு சிக்கிள் ஹீமோகுளோபினான 'எஸ்' வகை 30 முதல் 40 சதவீதம் வரை, சாதாரண ஹீமோகுளோபினான 'ஏ' அதைவிட அதிகம். எஸ் பாதிக்கு மேல் என்றால் அது கேரியர் அல்ல.

முடிவுத் தாள் ஒட்டிய உறையில், பிள்ளையின் பெற்றோர் கையில். வகுப்பாசிரியர் பார்க்கும் பட்டியலாக, வாட்ஸ்அப் குழுவில் புகைப்படமாக, அறிவிப்புப் பலகையில் எண்களாக, எந்த வடிவிலும் வெளியே வரக் கூடாது. 'கேரியர் பிள்ளைகள் மட்டும் கூட்டத்துக்கு வாருங்கள்' என்று மைக்கில் கூப்பிடுவதும் பட்டியல் போடுவதும் ஒன்றுதான்.

எனக்கு சிக்கிள் செல் ட்ரெய்ட். மாவட்ட அளவில் 1500 மீட்டர் ஓடுகிறேன். ஓடக் கூடாது என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.
*பத்தாம் வகுப்பு மாணவி, கூடலூர்*

ஓடுங்கள். ட்ரெய்ட் என்றாலும் கேரியர்தான். கேரியர் விளையாடலாம், படிக்கலாம், வேலைக்குப் போகலாம். ஆனால் பயிற்சியாளருக்குச் சொல்லி வையுங்கள். கடும் வெயிலில், தண்ணீர் இல்லாமல், இடைவெளியே விடாமல் உச்ச வேகத்தில் ஓடும்போது மிக அரிதாகத் தசை சிதைந்து உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது. சீசன் தொடங்கும்போது வேகத்தை இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள். சுற்றுகளுக்கு இடையில் ஓய்வு, தண்ணீர். காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருக்கும் நாளில் ஓட்டம் வேண்டாம். தசை வலித்துச் சோர்ந்தால் 'இன்னும் ஒரு சுற்று' என்று யார் சொன்னாலும் உட்கார்ந்துவிடுங்கள். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

தங்கச்சிக்கு தலசீமியா, மாதாமாதம் குருணாகல் போய் இரத்தம் ஏத்துறம். எனக்கு 17 வயசு, ஒரு வருத்தமும் இல்லை. நானும் காவியா எண்டு பார்க்க வேணுமா?
*ஒரு அக்கா, வவுனியா*

கட்டாயம் பாருங்கள். (கேரியரைத்தான் இலங்கையில் காவி என்கிறார்கள்.) தங்கைக்கு நோய் என்றால் அம்மாவும் அப்பாவும் காவிகள் என்பது உறுதி. நோய் இல்லாத உங்களுக்கு மிஞ்சியிருப்பவை மூன்று வழிகள், அவற்றில் இரண்டு காவியாக இருப்பது. அதாவது மூன்றில் இரண்டு வாய்ப்பு. இலங்கையில் நூறு பேரில் இரண்டு மூன்று பேர்தான் பீட்டா தலசீமியா காவிகள். மாவட்டத்துக்கு மாவட்டம் அது வெகுவாக மாறும் என்பது 25 மாவட்டங்களிலும் 12 முதல் 19 வயது வரையான 7,500-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் செய்த ஆய்வில் தெரிந்தது. உங்கள் வீட்டுக்குள் அந்த மாவட்டக் கணக்கு எதுவும் செல்லாது. தங்கையோடு அடுத்த முறை குருணாகல் தேசிய தலசீமியா நிலையத்துக்குப் போகும்போது உங்களுக்கும் சோதனை கேளுங்கள். பெரியம்மா, சித்தப்பா, மாமா பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். எங்கோ ஒரு பள்ளியில் நூறு பேரைப் பரிசோதிப்பதைவிட, நோயுள்ள ஒரு குடும்பத்தின் இருபது பேரைப் பரிசோதிப்பதில் கூடுதல் காவிகள் தெரியவருவார்கள்.

மகன் படிவம் நான்கு. பள்ளியிலிருந்து தலசீமியா பரிசோதனைக்கு ஒப்புதல் கேட்டுத் தாள் வந்திருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?
*ஒரு தாயார், கிள்ளான்*

போடுங்கள். மலேசியாவில் 2016-ல் 16 வயது மாணவர்களுக்கெனத் தொடங்கிய தேசியத் திட்டம் அது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: எம்.சி.எச். குறைவாக இருந்து, இரும்பும் ஏ2-வும் சரியாக இருந்தால் 'எல்லாம் நலம்' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது ஆல்ஃபா தலசீமியாவாக (ஆல்ஃபா என்ற குளோபின் சங்கிலி குறையும் வகை) இருக்கலாம். அதை எச்.பி.எல்.சி. காட்டாது, டி.என்.ஏ.தான் காட்டும்.

பீட்ரூட் சாறும் கோதுமைப்புல் சாறும் 48 நாள் குடித்தால் தலசீமியா மைனர் போய்விடுமாமே?
*வாசகர், திருப்பூர்*

போகாது. நாற்பத்தெட்டு நாளுக்குப் பிறகும் ஏ2 அதேதான் இருக்கும்.

எனக்கு 19 வயது. பள்ளியில் படிக்கும்போதே கேரியர் என்று தெரிந்தது. வரன் பார்க்கும்போது இதைச் சொல்லக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறார். சொன்னால் வரன் தட்டிப்போகும், சொல்லாவிட்டால் தூக்கம் வரவில்லை.
*பெயர் வேண்டாம், கோவை*

அம்மாவின் பயம் வெறும் கற்பனை இல்லை. கிரேக்கத்தில் ஓர்கோமெனோஸ் என்ற ஊரில் ஊர் முழுவதையும் சிக்கிள் செல்லுக்குப் பரிசோதித்துவிட்டு, சில ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தார்கள். கேரியர் என்பது வரன் தேடலில் ஒரு களங்கமாகிவிட்டிருந்தது. மறைத்துத் திருமணம் செய்தவர்கள் இருந்தார்கள். நோயோடு பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை குறையவே இல்லை. சைப்ரஸில் நேர்மாறாக நடந்தது. அங்கே ஏழு பேரில் ஒருவர் கேரியர். எண்பதுகளில் திருச்சபையே திருமணத்துக்கு முன் பரிசோதனைச் சான்று கேட்கத் தொடங்கியது. இரு பக்கமும் பரிசோதிப்பது நிச்சயதார்த்தம் போல ஒரு வழக்கமாகிவிட்டது. கேரியர் ஜோடிகளில் பெரும்பாலோர் பிரியவும் இல்லை; கர்ப்ப காலப் பரிசோதனையை வைத்துச் சமாளித்தார்கள். மேஜர் பிறப்புகள் ஏறக்குறைய நின்றுபோயின.

உங்கள் வீட்டில் இதையே செய்துபாருங்கள். 'எனக்கு ஒரு குறை இருக்கிறது' என்று தொடங்காதீர்கள், குறையே இல்லை. தலசீமியா மேஜர், சிக்கிள் செல் நோய் இரண்டும் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உண்டு, கேரியர் அதில் கிடையாது. ஜாதகம் பொருந்தி, பேச்சு முற்றுவதற்கு முன், இரண்டு பேரும் ஒரு எச்.பி.எல்.சி. எடுத்துக்கொள்வோம் என்று உங்கள் தரப்பே கேட்கட்டும். பெண்ணுக்கு மட்டும் சோதனை கேட்கும் வீட்டில் பையனுக்கும் கேளுங்கள். இந்த மரபணுவுக்கு ஆண் பெண் பேதமில்லை. அவருக்கு 'இல்லை' என்று வந்தால் உங்கள் முடிவைச் சொல்வதில் அவர்களுக்கு இழப்பே இல்லை: பிறக்கும் பிள்ளை அதிகபட்சம் உங்களைப் போல இருக்கும். அவருக்கும் 'உண்டு' என்று வந்தால், அதை இருவரும் இப்போதே தெரிந்துகொள்வதுதான் நல்லது.

பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். அதில் ஏ2 சதவீதம், எம்.சி.வி., எம்.சி.எச்., பரிசோதித்த தேதி நான்கும் தெளிவாக இருக்கின்றனவா? வெறும் 'தலசீமியா மைனர்' என்ற முத்திரை மட்டும் என்றால் ஒருமுறை மறுபடி எடுத்துவிடுங்கள். எச்.பி.எல்.சி. தாளின் மை சில வருடத்தில் மங்கிவிடும். போனில் ஒரு படம், வீட்டில் ஒரு நகல். கர்ப்பம் தரித்ததும் முதல் செக்கப்பில் மருத்துவர் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.